டியூப்லைட் சோக்கும் லேசர் மிஷினும்: 30 வருடம் தாமதமாக ஒரு பதில்

 

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இது என் பழைய மாணவன் ஒருவனுக்கு நான் பட்ட கடன். பெயர் வேண்டாம், 1993 பிளஸ் ஒன் செட் என்று மட்டும் சொல்கிறேன். அந்த செட்டில் இருந்தவர்கள் கண்டுபிடித்து விடுவீர்கள். கண்டுபிடித்தால் கமெண்டில் போட்டு அவனைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

போன மாதம் போன் செய்தான். லேசர் கட்டிங் மிஷின் ஒன்று வாங்கி, கல்யாணப் பத்திரிகை, அக்ரிலிக் பெயர்ப்பலகை, பள்ளிகளுக்கு ஷீல்டு என்று தொழில் செய்கிறான். இரண்டு பிள்ளைகளுக்கு வேலையும் கொடுத்திருக்கிறான். குரலில் தெம்பே இல்லை.

"சார், எட்டு மாசத்துல ரெண்டு டியூப் போச்சு. ஒரு டியூப் போனா ஒரு மாச லாபம் காலி. இப்ப 600 பத்திரிகை வெட்டிக் கொடுத்தேன். மூலைக்கு மூலை கருகல். பார்ட்டி திருப்பி அனுப்பிட்டாங்க. மிஷினை வித்துடலாமான்னு யோசிக்கிறேன்."

"அவசரப்படாதப்பா, நான் வந்து பார்க்கிறேன்" என்றேன். எனக்கு லேசர் மிஷின் ரிப்பேர் தெரியாது. ஆனால் பிசிக்ஸ் வாத்தியார் பட்டம் ரிட்டயர் ஆனாலும் போகாதே! பஸ் பிடித்துப் போய்விட்டேன்.

கடையில் பார்த்தது இதுதான். 40 வாட் கண்ணாடி டியூப் மிஷின். வாங்கும்போது அதில் கையால் திருகும் ஒரு குமிழும், முள் உள்ள ஒரு மில்லிஅம்மீட்டரும் இருந்தன. பிறகு, கம்ப்யூட்டரிலிருந்தே பவரை மாற்றலாம் என்று கேள்விப்பட்டு, பழைய போர்டைக் கழற்றிவிட்டு வேறு கன்ட்ரோலர் போட்டிருக்கிறான். குமிழும் மீட்டரும் போய், அந்த இடத்தில் சதவீதம் காட்டும் டிஜிட்டல் பெட்டி வந்துவிட்டது. அதில் 100 என்று ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"எதுக்குப்பா 100?"

"40 வாட் டியூப்தானே சார். 100 சதவீதம்னா 40 வாட்."

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. இவன்தான் 1993-ல் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து நின்று கேட்டவன்: "சார், டியூப்லைட் எரிய ஆரம்பிச்ச பிறகு சோக் எதுக்கு? கழட்டிட்டா என்ன ஆகும்?" நான் ஓம் விதி நடத்திக்கொண்டிருந்தேன். மின்னழுத்தத்தைக் கூட்டினால் மின்னோட்டம் அதே விகிதத்தில் கூடும் என்று கரும்பலகையில் நேர்கோடு போட்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு அந்த நேர்கோட்டில் பதில் இல்லை. "அது சிலபஸ்ல இல்ல, உட்காரு" என்று சொல்லிவிட்டேன். பதில் முழுதாகத் தெரியாதது எனக்குத்தான். சிலபஸ் மேல் பழி போட்டேன்.

அன்று நான் சொல்லாமல் விட்ட பதில்தான் இன்று அவன் டியூப்களைத் தின்றுகொண்டிருந்தது. அதை இப்போது சொல்கிறேன்.

சோக் ஏன் வேண்டும்?

கம்பி ஓம் விதிக்குக் கட்டுப்படும். வாயு கட்டுப்படாது. டியூபில் அடைத்த வாயு முதலில் மின்சாரத்தைக் கடத்தாது. உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு கட்டத்தில் அயனியாகி, திடீரென்று கடத்தத் தொடங்கும். தொடங்கிய பிறகு நடப்பதுதான் விசித்திரம். மின்னோட்டம் கூடக் கூட அயனிகள் பெருகும். அயனிகள் பெருகப் பெருகத் தடை குறையும். தடை குறைந்தால் மின்னோட்டம் மேலும் கூடும். வெளியிலிருந்து யாராவது பிடித்து நிறுத்தாவிட்டால் டியூப் தன்னையே எரித்துக்கொள்ளும்.

டியூப்லைட்டில் அப்படிப் பிடித்து நிறுத்துவது சோக். ஸ்டார்ட்டரோடு சேர்ந்து முதல் உதை கொடுப்பது அதன் ஒரு வேலை. எரியத் தொடங்கியபின் மின்னோட்டத்துக்குக் கடிவாளமாக இருப்பது இன்னொரு வேலை. 1938-ல் டியூப்லைட் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து இதுதான் கதை.

லேசர் மிஷினில் உள்ள கண்ணாடிக் குழாயும் இதே சாதிதான். உள்ளே கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன், ஹீலியம் கலந்த வாயு. ஆகவே "லேசர் பவரை எப்படிக் கட்டுப்படுத்துவது?" என்ற கேள்வி, "டியூபில் ஓடும் மின்னோட்டத்தை யார், எப்படிப் பிடித்து வைத்திருப்பது?" என்ற கேள்விதான். 60 வருடமாக மனிதர்கள் இதற்கு ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லிவந்திருக்கிறார்கள்.

பாராமதியில் பிறந்தவர்

முதல் லேசரை 1960 மே மாதம் அமெரிக்காவில் தியோடர் மைமன் இயக்கிக் காட்டினார். அது மாணிக்கக் கல் லேசர். இன்று பத்திரிகை வெட்டும் லேசர் அதுவல்ல. 1964-ல் பெல் ஆய்வகத்தில் குமார் பட்டேல் உருவாக்கிய கார்பன் டை ஆக்சைடு லேசர்தான் இதற்கு மூலம். பட்டேல் 1938-ல் மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்தவர். புனே பொறியியல் கல்லூரியில் படித்து, ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். இந்தியாவில் எந்தத் தெருவில் இப்படிக் கண்ணாடி டியூப் வைத்த லேசர் கட்டிங் கடை இருந்தாலும், உள்ளே ஓடுவது அவருடைய யோசனைதான். எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலில் அவருக்குக் கிடைத்த ஒளி மில்லிவாட் கணக்கில்தான். நைட்ரஜன் சேர்த்தபோது கதை மாறியது. நைட்ரஜன் மூலக்கூறு மின்சாரத்திலிருந்து ஆற்றலை வாங்கி, கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுக்கு மோதிக் கை மாற்றிவிடும். ஹீலியம் சூட்டை வெளியே கடத்தும். வெளியே வருவது 10.6 மைக்ரோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது. 1967-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட் 300 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசரோடு ஆக்சிஜனை ஊதி, 1 மி.மீ. எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டினார். லேசர் வெட்டும் தொழிலின் தொடக்கமாகச் சொல்லப்படுவது அதுதான்.

அந்தக் காலத்து ஆய்வகங்களில் கட்டுப்பாடு எளிமையானது. ஒரு பெரிய ஹை வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபையர், டியூபோடு தொடராக ஒரு கனத்த மின்தடை. அந்த மின்தடைதான் சோக்கின் வேலையைச் செய்தது. கூட்டிக் குறைக்க, நம் லேபில் நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கும் டிம்மர்ஸ்டாட் போன்ற ஒன்று. மனிதன் மீட்டரைப் பார்த்துக் கையால் திருகுவான். மின்தடையில் நிறைய மின்சாரம் சூடாக வீணாகும். ஆனால் திருகுகிறவனுக்கு டியூபில் எத்தனை மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று எப்போதும் தெரியும். இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பவர் சப்ளையின் மூன்று வாசல்

பிறகு சுவிட்சிங் பவர் சப்ளைகள் வந்தன. வீட்டு மின்சாரத்தை முதலில் நேர்மின்னோட்டமாக மாற்றி, அதை நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டி, சின்ன ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஏற்றுவார்கள். 40 வாட் டியூபைப் பற்றவைக்க ஏறத்தாழ 20,000 வோல்ட் தேவை. பற்றிய பிறகு ஓடுவது 15, 18 மில்லிஆம்பியர்தான். வெட்டுகிற துடிப்பை அகலமாக்கினால் மின்னோட்டம் கூடும், குறுக்கினால் குறையும். பழைய கனத்த மின்தடைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இந்தப் பெட்டிக்கு வெளியிலிருந்து உத்தரவு கொடுக்க முக்கியமாக மூன்று வாசல்கள் உண்டு.

ஒன்று "இன்" என்ற முனை. அங்கே 0 முதல் 5 வோல்ட் வரை கொடுக்கலாம். எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று கேட்கிற இடம் அது.

இரண்டு "எல்" என்ற முனை. அதைத் தரையோடு இணைத்தால் லேசர் சுடும், விட்டால் நிற்கும். எப்போது வேண்டும் என்று கேட்கிற இடம்.

மூன்று "பி". குளிர்நீர் ஓடுகிறதா, மூடி மூடியிருக்கிறதா என்ற காவல் இதில். நீர் நின்றால் சுடவே கூடாது.

கன்ட்ரோலர் எதுவாக இருந்தாலும் அது பவரை உண்டாக்குவதில்லை. இந்த வாசல்களில் நின்று கேட்கிறது, அவ்வளவுதான். கன்ட்ரோலருக்குக் கன்ட்ரோலர் வித்தியாசம், எந்த வாசலில் நின்று எப்படிக் கேட்கிறது என்பதில்தான்.

ஒவ்வொரு கன்ட்ரோலரும் ஒரு சுபாவம்

முதல் வகை, இந்த மலிவு 40 வாட் மிஷின்களோடு வரும் எம்2 நானோ போர்டு. இதற்கு "எல்" வாசல் மட்டுமே தெரியும். சுடு, நிறுத்து. எவ்வளவு என்பது மனிதன் கையில் உள்ள குமிழ். குமிழைத் திருகினால் "இன்" முனையில் வோல்ட் மாறும். போட்டோ செதுக்க வேண்டுமென்றால் கறுப்பு, வெளுப்பு என்று சாயலை மாற்ற முடியாது. நாளிதழில் படம் அச்சடிப்பது போலப் புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் வைத்துத்தான் சாயல் காட்ட வேண்டும். பழங்கால முறைதான். ஆனாலும் முள் உள்ள மீட்டர் கண் முன்னால் இருக்கும்.

இரண்டாவது வகை, ஜிஆர்பிஎல். 2009-ல் நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் தொடங்கிய இலவச மென்பொருள். பிறகு சோனி ஜியோன் வளர்த்தெடுத்தார். கையளவு ஆர்டினோ போர்டில் ஓடும். இதன் மொழி மில்லிங் மிஷினிலிருந்து வந்தது. எம்3 என்றால் கடைசல் முனையைக் கடிகாரத் திசையில் சுற்று, எம்4 என்றால் எதிர்த்திசையில் சுற்று, எஸ் என்றால் சுற்றும் வேகம். லேசருக்கு ஏது சுற்று? அதனால் லேசர் மோடில் இவற்றுக்குப் புது அர்த்தம் கொடுத்தார்கள். எஸ் என்பது பவர். எம்3 என்றால் மாறாத பவர். எம்4 என்றால் தலை ஓடும் வேகத்துக்கு ஏற்ப பவரைக் கூட்டு, குறை. நின்றால் அணை.

இது ஏன் முக்கியம்? சைக்கிளில் போகிறவன் தெருமுனையில் திரும்ப வேகத்தைக் குறைக்கிறான் அல்லவா? லேசர் தலையும் மூலையில் மெதுவாகும். பவர் அதே அளவில் இருந்தால் அந்த இடத்தில் சூடு குவிந்து கருகும். நம் ஆள் எம்3-ல் வைத்து 600 பத்திரிகை வெட்டியிருக்கிறான். மூலைக்கு மூலை கருகிய காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது.

மூன்றாவது, ஸ்மூத்திவேர். இதுவும் இலவச மென்பொருள், 32 பிட் போர்டில் ஓடுவது. யாரும் எம்4 என்று சொல்ல வேண்டியதில்லை. வேகத்தின் விகிதத்தில் பவரைக் குறைப்பது இதன் பிறவிக்குணம்.

நான்காவது, சீனாவின் ஷென்ஜென் நகரத்து ருய்டா கன்ட்ரோலர். பெரிய மிஷின்களில் அதிகம் பார்க்கலாம். இது இரண்டு எண் கேட்கும்: குறைந்தபட்ச பவர், அதிகபட்ச பவர். மெதுவாகப் போகும்போது குறைந்தபட்சம், முழு வேகத்தில் அதிகபட்சம், நடுவே வேகத்துக்கு ஏற்ப. இரண்டு எண் எதற்கு என்று நினைப்பீர்கள். கண்ணாடி டியூப் ஏறத்தாழ 4 மில்லிஆம்பியருக்குக் கீழே ஒழுங்காகப் பற்றாது. வேகத்தோடு சேர்த்துப் பவரைக் குறைத்துக்கொண்டே போனால், மூலையில் லேசர் அணைந்தே போய், காகிதம் வெட்டாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். குறைந்தபட்சத்தை அந்த எல்லைக்கு மேல் வைத்துவிட்டால் மூலை கருகவும் செய்யாது, ஒட்டவும் செய்யாது. டியூபின் குணம் தெரிந்தவர்கள் யோசித்த ஏற்பாடு.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. டிஜிட்டல் போர்டு 3 வோல்ட், 4 வோல்ட் என்று நேராகக் கொடுக்காது. 5 வோல்ட்டை வேகமாக விட்டு விட்டுக் கொடுக்கும். பாதி நேரம் கொடுத்தால் 50 சதவீதம். பவர் சப்ளை இதைச் சராசரியாக எடுத்துக்கொள்ள வேண்டும். ருய்டா நொடிக்கு 20,000 துடிப்பு அனுப்பும். அது நன்றாகச் சராசரி ஆகிவிடும். ஜிஆர்பிஎல் வழக்கமாக அனுப்புவது நொடிக்கு 1,000 அளவில்தான். கண்ணாடி டியூப் சப்ளை எழுந்து நிற்கவே ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்ட் ஆகும். ஆகவே அந்தத் துடிப்பு பாதி சராசரியாகவும் பாதி விட்டு விட்டு எரிவதாகவும் போகலாம். ஒரு கன்ட்ரோலரின் 50 சதவீதமும் இன்னொன்றின் 50 சதவீதமும் ஒரே மில்லிஆம்பியர் தரும் என்று நம்பக் கூடாது.

அந்த ஒரு மில்லிசெகண்ட்டை அற்பமாக நினைக்காதீர்கள். தலை நொடிக்கு 300 மி.மீ. வேகத்தில் ஓடினால், ஒரு மில்லிசெகண்ட்டில் 0.3 மி.மீ. போய்விடும். கோலத்தின் புள்ளி கலைந்தது போல எழுத்தின் ஓரம் மங்கும்.

விலை உயர்ந்த மிஷின்களில் உலோக டியூப் இருக்கும். அதற்கு நேர்மின்னோட்டம் கிடையாது, ரேடியோ அலைவரிசை மின்சாரம். சின்ராட் நிறுவனத்தின் லேசர்களில் வழக்கம் நொடிக்கு 5,000 துடிப்பு. துடிப்பின் அகலமே பவர். சும்மா இருக்கும்போதும் ஒரு மைக்ரோசெகண்ட் அளவுக்குக் குட்டித் துடிப்புகள் போய்க்கொண்டே இருக்கும். ஒளி வராது, ஆனால் வாயு தூங்கிப் போகாது. கூப்பிட்டவுடன் பற்றிக்கொள்ளும். இரவில் குமுட்டி அடுப்பில் கங்கைச் சாம்பல் மூடி வைத்து, காலையில் ஊதிப் பற்றவைப்பார்களே என் அம்மா, அதே யோசனை.

எங்கள் கணக்கு

சரி, கடைக்கு வருகிறேன். உள்ளூர் எலக்ட்ரீஷியன் தம்பியை வரவழைத்தோம். பிளக்கைப் பிடுங்கி வெகு நேரம் விட்டு, மிச்ச மின்னூட்டத்தை முறைப்படி வெளியேற்றிய பிறகு, கழற்றிப் போட்ட பழைய மில்லிஅம்மீட்டரை டியூபிலிருந்து திரும்பி வரும் பக்கத்தில் மறுபடி சேர்த்தார். நானும் மாணவனும் மூடியை மூடிக்கொண்டு, 10, 20, 30 என்று சதவீதத்தை ஏற்றி மீட்டரைக் குறித்தோம். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 30 வருடத்துக்கு முன் நடந்தது தலைகீழ்!

10 சதவீதத்தில் மினுக்மினுக்கென்று ஒழுங்கில்லாமல் எரிந்தது. 60-ஐத் தாண்டியதும் முள் 18 மில்லிஆம்பியரைத் தொட்டது. டியூபோடு வந்த தாளில் தாண்டக் கூடாது என்று போட்டிருந்த எல்லையும் அதுதான். அதற்கு மேல் ஏற்ற நான் விடவில்லை. 100-ல் எவ்வளவு ஓடியிருக்கும் என்று அவனே மனக்கணக்குப் போட்டுப் பார்த்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப 100 சதவீதம்னா 40 வாட் இல்லையா சார்?"

"இல்லப்பா. அந்த 100, பவர் சப்ளை எவ்வளவு தர முடியும்ங்கிறதோட 100. டியூப் எவ்வளவு தாங்கும்ங்கிறது அதுக்குத் தெரியாது. டியூபுக்குத் தெரிஞ்சது மில்லிஆம்பியர் மட்டும்தான்."

கன்ட்ரோலரில் உச்ச எல்லையை 15 மில்லிஆம்பியர் வரும் இடத்தில் பூட்டினோம். எம்3-ஐ எம்4 ஆக்கினோம். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தோம். ஒரு பத்திரிகை வெட்டினான். விளிம்பு பழுப்பாக, மூலை சுத்தமாக வந்தது. ஒரு மூலை மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. நான் மேலே சொன்ன 4 மில்லிஆம்பியர் பிரச்சினைதான். வளைவுகளைக் கொஞ்சம் மொட்டையாக்கி வரைந்து அதையும் சமாளித்தான். அந்த யோசனை அவனுடையது, என்னுடையது இல்லை.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் பெட்டியைத் திறக்காதீர்கள். 20,000 வோல்ட் விளையாட்டில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கும். பழகிய எலக்ட்ரீஷியன் இல்லாமல் கை வைக்க வேண்டாம். இவன் கடையில் மூடி சுவிட்சை இடைஞ்சல் என்று ஷார்ட் செய்து வைத்திருந்தார்கள். அதை முதலில் சரி செய்யச் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத ஒளி கண்ணைக் கேட்டு வராது. அங்கே வேலை பார்க்கும் இரண்டு பிள்ளைகளும் யார் வீட்டுப் பிள்ளைகளோ.

கிளம்பும்போது அவனிடம் சொன்னேன்: "1993-ல நீ கேட்ட சோக் கேள்விக்கு இதுதான்பா பதில்." அவன் சிரித்தான். "நான் அதைக் கேட்டேனா சார்? ஞாபகமே இல்ல" என்றான்.

அவனுக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கிறது. "சிலபஸ்ல இல்ல" என்று நான் உட்கார வைத்த கேள்விகள் இன்னும் எத்தனையோ. உங்களில் யாருக்காவது அப்படி ஒன்று பாக்கி இருந்தால் கேளுங்கள். இப்போது எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தைரியமும் வந்துவிட்டது.

அந்த 600 பத்திரிகையை மறுபடி வெட்டிக் கொடுத்துவிட்டானாம். முகூர்த்தம் வருகிற மாதம். மிஷினை விற்கவில்லை.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் வாத்தியார்